சாம்பார் வைக்கும் வரிசையில் ஒரு வாடகை வீடு

சென்னையில் வேலை கிடைத்து வெளியூரிலிருந்து வருகிறவர், வீடு தேடும்போது கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "வாடகை எவ்வளவு?" என்பதுதான். அடுத்தது, "வீட்டு போட்டோ அனுப்ப முடியுமா?" இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகளே. ஆனால் இரண்டும் கடைசியில் வர வேண்டியவை. முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டால், மற்ற கேள்விகளைக் கேட்கவே விடாது.

சாம்பார் வைக்கத் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். துவரம்பருப்பு வேக நேரமாகும், அதனால் அதுதான் முதலில் அடுப்பில் ஏறும். அடுத்தது காய். காய் வெந்த பிறகுதான் புளிக்கரைசல். காயின் செல்களைப் பசைபோலப் பிணைத்து வைத்திருக்கும் பெக்டின் என்ற பொருள், புளிப்பான நீரில் எளிதில் இளகாது. பருப்புக்கும் இதே கதிதான். அவசரத்தில் புளியை முதலில் ஊற்றிவிட்டால், அப்புறம் எத்தனை விசில் விட்டாலும் முருங்கைக்காய் நார்நாராகவே நிற்கும். உப்பை ருசி பார்த்துப் போட வேண்டும். கடுகும் வெந்தயமும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டுவது எல்லாம் முடிந்த பின்பு. தெருவரை மணப்பது அந்தத் தாளிப்பு, பசியாற்றுவது பருப்பு.

குடியிருக்கப் போகும் பகுதியைத் தேர்ந்தெடுக்கும் வேலையும் இதே வரிசையில்தான் சரியாக நடக்கும். குடிவந்த பிறகு நம்மால் மாற்றவே முடியாதவை முதலில். வீட்டு உரிமையாளரிடம் பேசி மாற்றக்கூடியவை அடுத்து. நாமே மாற்றிக்கொள்ளக்கூடியவை கடைசியில்.

எடுத்துக்காட்டாக மதுரையிலிருந்து வரும் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். கணவருக்குச் சோழிங்கநல்லூரில் வேலை, மனைவிக்குக் கிண்டியில். மகள் ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டும். கணவரின் அம்மாவும் உடன் வருகிறார். இவர்கள் சென்னையில் எங்கே குடியேறுவது?

பருப்பு: வேலைக்குப் போய்வரும் வழி

வேலையிடத்துக்குப் போய்வரும் வழியைக் குடிவந்த பிறகு மாற்ற முடியாது. சாலை அதே சாலைதான், நெரிசலும் அதே நெரிசல்தான். நாள்தோறும் நம் நேரத்தில் அதிகப் பங்கை எடுத்துக்கொள்வதும் இதுவே.

"ஓ.எம்.ஆர்.ல வேலை" என்ற தகவல் மட்டும் இதற்குப் போதாது. ஓ.எம்.ஆர். என்று சுருக்கி அழைக்கப்படும் பழைய மகாபலிபுரம் சாலை (ராஜீவ் காந்தி சாலை), மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை மட்டுமே சுமார் 20 கிலோமீட்டர். 2000-இல் திறக்கப்பட்ட டைடல் பார்க் என்ற ஐ.டி. வளாகம் தரமணியில், அதன் வடக்கு முனையில் இருக்கிறது. சிறுசேரி சிப்காட் தெற்கு முனையில். இரண்டுக்கும் நடுவில் பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர். ஒரு முனையில் வேலை பார்ப்பவருக்கு மறுமுனை வேறொரு ஊர் மாதிரி.

நகரத்தின் ரயில் தடங்களையும் தெரிந்துகொள்ள வேண்டும். கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு வரை புறநகர் ரயில். விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரை ஒரு மெட்ரோ தடம், சென்ட்ரலிலிருந்து கோயம்பேடு வழியாகப் பரங்கிமலை வரை இன்னொன்று. கடற்கரையிலிருந்து மயிலாப்பூர், திருவான்மியூர் வழியாக வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில். கிண்டியில் மெட்ரோவும் புறநகர் ரயிலும் அடுத்தடுத்து நிற்கின்றன. எனவே மனைவியின் வேலையிடத்துக்கு ரயில் வசதி உண்டு. சோழிங்கநல்லூருக்கு இந்தத் தடங்கள் எதுவும் போவதில்லை. கணவர் சாலையைத்தான் நம்ப வேண்டும்.

"மெட்ரோ வரப்போகுது சார்" என்று புரோக்கர் சொல்வார். வரத்தான் போகிறது. இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து சிப்காட் வரை 45 கிலோமீட்டருக்கு மேல் நீளும் தடம் ஓ.எம்.ஆர். வழியாகத் திட்டமிடப்பட்டது. ஆனால் வேளச்சேரியையும் பரங்கிமலையையும் இணைக்கும் வெறும் 5 கிலோமீட்டர் பறக்கும் ரயில் பாதையின் வேலை 2008 வாக்கில் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. சொந்த வீடு வாங்குபவர் வரப்போகும் ரயிலைக் கணக்கில் சேர்க்கலாம். பதினொரு மாத ஒப்பந்தத்தில் குடிவருபவர் இன்று ஓடும் வண்டியை மட்டும்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்காமல் நிமிடத்தில் அளக்க வேண்டும். பெரும்பாலோர் வீடு பார்க்கப் போவது ஞாயிற்றுக்கிழமை. அன்று மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூருக்கு வண்டி பறக்கும். வாரநாளில் காலை எட்டரைக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து அலுவலகத்துக்கும், மாலை ஆறரைக்கு அலுவலகத்திலிருந்து வீட்டுக்கும் ஒருமுறை போய்வந்து பார்த்தால்தான் உண்மை தெரியும். எந்த வண்டியில் தினமும் போவீர்களோ அதே வண்டியில் போக வேண்டும். பைக் நுழையும் சந்தில் பேருந்து நுழையாது.

இந்த நிமிடங்களைப் பணமாக்கிப் பார்ப்பதும் நல்லது. மாதம் 4,000 ரூபாய் வாடகை குறைவு என்பதற்காக, போக 45 நிமிடமும் வர 45 நிமிடமும் கூடுதலாக ஆகும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தால், 22 வேலைநாளில் 33 மணி நேரம் போய்விடும். ஒரு மணி நேரத்தை ஏறக்குறைய 120 ரூபாய்க்கு விற்றிருக்கிறோம். பெட்ரோல் செலவு இதில் சேரவில்லை. சில குடும்பங்களுக்கு அந்த 4,000 ரூபாய் உண்மையிலேயே பெரிது. அவர்களுக்கு இது சரியான பேரமாகவும் இருக்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்வதுதான் முக்கியம்.

இருவர் வேலைக்குப் போகும் வீட்டில் வரைபடத்தில் நடுப்புள்ளியைத் தேடுவது பலருடைய வழக்கம். அதைவிட, யாருடைய பயணத்தில் மாற்றுவழி குறைவோ அவரை முதலில் பார்ப்பது நல்லது. வண்டி ஓட்டாதவர், இரவில் திரும்புகிறவர், வாரம் ஐந்து நாளும் அலுவலகத்தில் இருந்தே ஆக வேண்டியவர் என்று யாரேனும் ஒருவர் இருப்பார். இரவு ஷிப்ட் என்றால் அலுவலக கேப் எந்த எல்லைவரை வரும் என்று மனிதவளப் பிரிவில் கேட்டுவிட்ட பிறகே வீடு தேடத் தொடங்க வேண்டும்.

தண்ணீர்: வருவதும், வந்து நிற்பதும்

உப்புத் தண்ணீரில் பருப்பு குழையாது என்பது சென்னை அடுக்களைகளுக்கு நன்றாகத் தெரிந்த செய்தி. தண்ணீரைப் பொறுத்தவரை இரண்டு கேள்விகள் உண்டு. குழாயில் என்ன வருகிறது? மழையில் வாசலில் எவ்வளவு நிற்கிறது?

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் அமைக்கப்பட்டன. ஆனாலும் எல்லாத் தெருவுக்கும் ஒரே மாதிரித் தண்ணீர் வருவதில்லை. மாநகராட்சி 2011-இல்தான் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அப்போது சேர்ந்த பெருங்குடி, சோழிங்கநல்லூர் பக்கங்களுக்குக் குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் படிப்படியாகத்தான் எட்டின. ஓ.எம்.ஆர். அடுக்குமாடிகள் பலவற்றில் லாரித் தண்ணீர் அன்றாட வழக்கம். அதற்கான செலவு மாதாந்திர மெயின்டனன்ஸில் வந்து சேரும், கோடையில் கூடும்.

ஆகவே "தண்ணி பிரச்சினை உண்டா?" என்று பொதுவாகக் கேட்டால் "இல்லவே இல்லை" என்றுதான் பதில் வரும். மெட்ரோ வாட்டர் என்ற குடிநீர் வாரியத் தண்ணீர் வருகிறதா, போர் தண்ணீரா, லாரியா? எத்தனை நாளைக்கு ஒருமுறை? கடந்த மே மாதம் மெயின்டனன்ஸ் எவ்வளவு வந்தது? இப்படித் துண்டுதுண்டாகக் கேட்க வேண்டும். வாட்ச்மேனிடமும் அதே கட்டடத்தில் குடியிருக்கும் ஒருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். குழாயின் வாயைப் பாருங்கள், வெள்ளைப் படிவு இருந்தால் உப்பு அதிகம். கையில் சோப்புப் போட்டுப் பாருங்கள். நுரை வராமல் திரித்திரியாய்ப் போனால் கடினநீர். குக்கரும் வாஷிங் மெஷினும் தலைமுடியும் அதற்கு விலை கொடுக்கும்.

அடுத்தது மழை. சென்னைக்குப் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவத்தில். தென்சென்னை ஏரிகளில் நிரம்பி வழியும் நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் வந்து சேரும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக ஓ.எம்.ஆரைக் கடந்து, பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் பக்கம் கடலுக்குப் போகும். சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி குப்பைமேடாகவும் சாலையாகவும் கட்டடமாகவும் ஆகிவிட்டது. எஞ்சியதில் சுமார் 1,247 ஹெக்டேருக்கு 2022-இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி கிடைத்தது. தேங்க இடமில்லாத நீர் சுற்றியுள்ள காலனிகளில் தேங்குகிறது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், வேளச்சேரியின் தாழ்வான தெருக்களும் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளும் நீரில் நின்றன. அடையாற்றை ஒட்டிய முடிச்சூருக்கும் அதே பாடு.

இதற்காக ஒரு பகுதியையே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஒரே காலனியில் ஒரு தெரு மூழ்கும், அடுத்த தெரு தப்பிக்கும். வீட்டு வாசல் சாலையைவிட உயரமா, தாழ்வா என்று பாருங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே சாலை போட்டுப்போட்டு, ஒரு காலத்தில் மேடாக இருந்த வீடுகள் பள்ளமாகியிருக்கின்றன. மதில்சுவரில் கறைக்கோடு இருக்கிறதா, மின்மீட்டர் பலகையை அண்மையில் உயர்த்தி மாட்டியிருக்கிறார்களா என்றும் கவனியுங்கள். தெருமுனைக் கடைக்காரரிடம் "2015-ல இங்க எவ்வளவு வந்துச்சு? 2023-ல?" என்று கேளுங்கள். "முழங்கால்", "இடுப்பு" என்று கையால் காட்டியே சொல்லுவார். வீட்டை வாடகைக்கு விடும் அவசரம் அவருக்கு இல்லை.

காய்கள்: வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தேவை

கத்தரிக்காய் சீக்கிரம் வெந்துவிடும், முருங்கைக்காய்க்கு நேரம் பிடிக்கும். ஒரே குடும்பத்தில் ஆறு வயது மகளுக்கும் அறுபத்தைந்து வயது பாட்டிக்கும் ஒரு பகுதி ஒரே மாதிரி ஒத்துவராது.

மகளுக்குப் பள்ளி. வீட்டை முடித்துவிட்டுப் பள்ளி தேடுவதைவிட, பள்ளியில் இடம் உண்டா என்று கேட்டுவிட்டு வீட்டை முடிப்பது நல்லது. பள்ளிகள் ஜூனில் திறக்கும். நடு ஆண்டில் வருபவர்களுக்கு இடம் கிடைப்பது கடினம். பள்ளி வேன் தெருவுக்குள் வருமா, ஒருநாள் வேன் வராவிட்டால் யார் கூட்டிப்போவது என்பதையும் யோசிக்க வேண்டும்.

பாட்டிக்கு நடந்துபோகும் தூரத்தில் மருத்துவரும் மருந்துக்கடையும் வேண்டும். காய்கறிக்கடை, கோயில், உட்கார ஒரு பூங்கா, பேச்சுத்துணைக்கு நாலு பேர் வேண்டும். மதுரையில் தெருவெல்லாம் அறிந்தவர், சென்னையில் பத்தாவது மாடியில் நாள் முழுக்கத் தனியாக இருக்கப் போகிறார். லிஃப்ட் நின்றால் பவர் பேக்கப் உண்டா என்ற கேள்வி அவருக்கானது.

வேலை முடிந்து இரவில் திரும்பும் மனைவிக்குத் தெருவிளக்கும் ஆள் நடமாட்டமும் வேண்டும். பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடுவரை இரவு ஒன்பது மணிக்கு அவரே ஒருமுறை நடந்து பார்க்கட்டும்.

வலியோடு சொல்ல வேண்டிய ஒன்றும் இருக்கிறது. "சைவம் மட்டும்", "பேச்சிலர் வேண்டாம்" என்ற நிபந்தனைகளுக்குப் பின்னால் சாதியையும் மதத்தையும் தேடும் உரிமையாளர்கள் இந்நகரில் இருக்கிறார்கள். தலித்துகளுக்கும் முஸ்லிம்களுக்கும் தனியாக வாழும் பெண்களுக்கும் வீடு தேடும் பட்டியல் இதனாலேயே சுருங்குகிறது. இது அநீதி. வீடு கிடைத்தவர்கள் தங்கள் கட்டடத்திலும் சங்கத்திலும் இதற்கு எதிராகப் பேசுவது கடமை. தேடுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, அதே அலுவலகத்தில் வேலை பார்த்து அந்தப் பகுதியில் ஏற்கெனவே குடியிருப்பவர்களிடம் முதலில் விசாரியுங்கள் என்பதே. மதிப்போடு நடத்தும் உரிமையாளர் யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

புளி: வாடகையும் அட்வான்ஸும்

புளியை முதலிலேயே ஊற வைத்துவிடலாம், ஊற்றுவதுதான் பிறகு. அதுபோல, அதிகபட்சம் இவ்வளவுதான் என்ற வரம்பை வீட்டுக்குள் முதல்நாளே பேசி வைத்துவிடுங்கள். ஆனால் அந்த வரம்புக்குள் எது மலிவு என்ற பேச்சைப் பயணமும் தண்ணீரும் பள்ளியும் தெளிவான பிறகு எடுங்கள். வாடகைத் தொகை முதலில் மனதில் விழுந்துவிட்டால், "கொஞ்சம் தூரம்தானே", "மழை மூணு மாசம்தானே" என்று மற்ற எல்லாவற்றுக்கும் நாமே சமாதானம் சொல்லத் தொடங்கிவிடுவோம்.

வரம்பு என்பது வாடகை மட்டுமல்ல. மெயின்டனன்ஸ், மின்கட்டணம், தண்ணீர், பயணச்செலவு, பள்ளி வேன் எல்லாம் சேர்ந்த தொகை. மின்சாரத்துக்குத் தனி மீட்டர் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு எடுக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை, அதற்கு மேல் பயன்பாடு ஏற ஏற யூனிட் விலையும் ஏறும். மூன்று குடும்பங்கள் ஒரே மீட்டரில் இருந்தால் எல்லாரும் சேர்ந்து மேல் அடுக்குக்குப் போய்விடுவீர்கள்.

சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. 15,000 ரூபாய் வாடகை வீட்டுக்கு ஒன்றரை லட்சம். 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாத நிலையில் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. உடன்பாடு இருந்தால் கூடுதலாக வாங்கலாம் என்பதால் பழைய வழக்கம் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் பேரம் பேசும்போது சட்டத்தைச் சொல்லிப் பேச இது இடம் தருகிறது. புரோக்கர் கமிஷனை வீடு பார்க்கக் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள்.

ஆடியிலும் மார்கழியிலும் புதுவீட்டில் பால் காய்ச்சப் பலர் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் இல்லாதவர்களுக்கு அம்மாதங்களில் போட்டி குறைவு. காலி வீட்டை வைத்திருக்கும் உரிமையாளரும் இறங்கி வருவார்.

உப்பு: ஒப்பந்தம்

உப்பு சிறிதளவுதான். போடாமல் விட்டாலும் கெடும், மிஞ்சிப்போனால் எடுக்க முடியாது. ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்ட ஒரு வரியும், படிக்காமல் கையெழுத்திட்ட ஒரு வரியும் அப்படித்தான்.

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப்பதிவுச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும் என்பதால்தான் பதினொரு மாத ஒப்பந்தம் பழக்கமானது. 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லா வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். பதிவெண் கையில் இருந்தால்தான் தகராறு வரும்போது வாதாட வலு இருக்கும். வாடகைப்படி காட்டி வருமான வரிச்சலுகை கேட்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் உரிமையாளரின் பான் எண் தேவைப்படும். தருவாரா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

நான்கு வரிகளைத் தேடிப் படியுங்கள். எத்தனை மாத முன்னறிவிப்புக் கொடுத்தால் காலி செய்யலாம்? அதற்குள் போனால் அபராதம் உண்டா? ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு வாடகை உயரும்? காலி செய்யும்போது அட்வான்ஸில் பெயின்ட் செலவு என்று எவ்வளவு பிடிப்பார்கள்? அட்வான்ஸை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்கிறது சட்டம். சாவி வாங்கும் நாளில் சுவர், குழாய், சுவிட்ச், ஜன்னல் எல்லாவற்றையும் படமெடுத்து உரிமையாளருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். பின்னாளில் வரும் பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

தாளிப்பு: வீட்டின் அழகு

மாடுலர் கிச்சன், பெரிய பால்கனி, பளபளக்கும் டைல்ஸ். இவற்றுக்கு ஆசைப்படுவதில் தவறில்லை. காற்றும் வெளிச்சமும் அழகும் உள்ள வீட்டில் மனம் நன்றாக இருக்கும். பருப்பு நன்றாக வெந்த மூன்று நான்கு வீடுகள் கையில் இருக்கும்போது, அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இதைப் பயன்படுத்துங்கள். அலமாரியும் திரைச்சீலையும் விளக்கும் நாமே மாற்றிக்கொள்ளலாம். சாலையையும் மழையையும் மாற்ற முடியாது.

இறக்கும் முன் ருசி பார்த்தல்

இனி நம் மதுரைக் குடும்பத்தின் பட்டியலுக்கு வருவோம். நாவலூர் கணவருக்குப் பக்கம். மனைவி தினமும் ஓ.எம்.ஆரை முழுக்கக் கடந்து கிண்டிக்குப் போக வேண்டும். வேளச்சேரி மனைவிக்கு எளிது. கணவருக்கும் ஓரளவு சமாளிக்கலாம். ஆனால் எந்தத் தெரு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூருக்கு நேர்ச்சாலை உண்டு. மனைவிக்குப் பேருந்துதான் துணை. திருவான்மியூர் இருவருக்கும் ஒத்துவரும், பாட்டிக்குக் கடற்கரையும் மருந்தீசர் கோயிலும் கிடைக்கும். வாடகை வரம்பை மீறக்கூடும். நங்கநல்லூரிலிருந்து மனைவிக்கு மெட்ரோவில் இரண்டாவது நிறுத்தம் கிண்டி. பழவந்தாங்கலில் புறநகர் ரயிலும் உண்டு. பாட்டிக்கு நடந்துபோகும் தூரத்தில் கோயில்களும் கடைகளும். கணவர் பல்லாவரம்–துரைப்பாக்கம் சாலை வழியாக வண்டியில் போக வேண்டும்.

கணவருக்கு வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை என்றால் நங்கநல்லூர் முந்தும். ஐந்து நாளும் அலுவலகம் என்றால் திருவான்மியூரையும் வேளச்சேரியின் மேடான தெருக்களையும் மறுபடி பார்க்க வேண்டும். ஒரே ஒரு தகவல் மாறினால் முடிவும் மாறுகிறது. ஆகையால் "சென்னையில எந்த ஏரியா நல்ல ஏரியா?" என்று பிறரிடம் கேட்பதால் பயனில்லை. அவர்களுடைய பதில் அவர்கள் குடும்பத்துக்கானது.

முடிந்தால் முதல் மாதம் வேலைக்கு வருபவர் மட்டும் விடுதியிலோ உறவினர் வீட்டிலோ தங்கி, இந்தச் சோதனைகளைச் செய்துவிட்டுக் குடும்பத்தை அழைத்துவரலாம். ஆனால் முடிவை அவர் ஒருவராக எடுக்கக் கூடாது. பகல் முழுக்க அலுவலகத்தில் இருப்பவர் அந்தப் பகுதியைப் பார்ப்பது காலையிலும் இரவிலும்தான். அங்கே உண்மையில் வாழப்போவது வீட்டில் இருப்பவர். அட்வான்ஸ் கொடுக்கும் முன் அம்மாவை ஒருமுறை அழைத்துப்போங்கள். தெருவில் நடக்கவிடுங்கள், பக்கத்து வீட்டாரிடம் பேசவிடுங்கள். அவர் முகம் சுளித்தால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அடுத்த வீட்டைப் பாருங்கள்.